நல்ல நாளும் அதுவுமாக ஒரு குப்பை லாரி

முதல் வீட்டின் கதவு திறந்ததும் என் மகள் செய்த முதல் காரியம், இடது காலைத் தூக்கி என் பக்கம் நீட்டியதுதான். "அம்மா, ஷூ." வாசலில் மிட்டாய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறார் அந்த வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியிருப்பார், தலையில் சூனியக்காரத் தொப்பி. இவளோ கழுத்திலிருந்து முழங்கால்வரை ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறாள், குனிந்தால் பெட்டி முகவாயில் இடிக்கும், அதனால்தான் காலை என்னிடம் நீட்டுகிறாள். ஒரு வீட்டுக் கதவு திறந்தால் ஷூவைக் கழற்ற வேண்டும், கழற்றினால் உள்ளே போகலாம், உள்ளே போனால் யாராவது மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஏதாவது தின்னக் கொடுப்பார்கள். இரண்டரை வயதில் அவளுக்குத் தெரிந்த உலக நியதி அவ்வளவுதான். "இல்லடா செல்லம், ஷூ கழற்ற வேணாம், இங்கேயே நின்னு சொல்லணும்" என்று நான் காதில் ஓதினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஷூவோடு உள்ளே வராதே வராதே என்று ஒரு வருஷமாக உயிரை வாங்கியவள் நீதானே என்கிற பார்வை.

2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை. தேதியைப் பார்த்ததும் சிலருக்குப் பொறி தட்டும். அந்த வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்து விழுந்தன. காலை 5 மணிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளியல், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா கிளறிய லேகியம், ஊருக்குப் போன் போட்டு "கங்கா ஸ்நானம் ஆச்சா" விசாரிப்பு (அங்கே அப்போது மதியம் மூன்றரை, எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள்), டிரைவ்வேயில் இரண்டு கம்பி மத்தாப்பு, அதுவும் ஜூலை 4க்கு வாங்கியதில் மிச்சம். அப்புறம் 9 மணிக்கு ஆபீஸ் மீட்டிங். சாயங்காலம் 6 மணிக்குப் பேய், பிசாசு, எலும்புக்கூடு. எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸப் குழுவில் அன்றைக்குக் காலையில் பட்டுப்புடவைப் படங்கள், ராத்திரி ஸ்பைடர்மேன் படங்கள். இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் தலைவலி மாத்திரை படத்தையும் போட்டிருந்தார்.

அம்மாவுக்கு இது முதலில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நான் விளக்கிய லட்சணமும் அப்படி. "சாயங்காலம் பிள்ளைங்க வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டும்மா, மிட்டாய் குடுப்பாங்க."

"தெரியாதவங்க வீட்லயா?"

"ஆமா."

"போய்க் கையேந்தி நிக்கணுமா?"

"கையில்லம்மா, பை."

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள். "நமக்கு என்னடி தலையெழுத்து? உங்கப்பா இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?"

அப்பா இருந்திருந்தால் முதல் ஆளாகத் தொப்பி மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் என்னிடம் அதைவிடப் பெரிய அஸ்திரம் ஒன்று இருந்தது. சின்ன வயதில் நவராத்திரி ஒன்பது நாளும் அக்ரகாரத்துத் தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் ஏறி இறங்கி, பாவாடை மடியில் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்த கதையை அம்மா எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். யார் வீட்டில் கொண்டைக்கடலை, யார் வீட்டில் வெறும் பட்டாணி, யார் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பரிமாறுகிற கஞ்சம் என்று பட்டியலே உண்டு. அதை எடுத்து வீசினேன்.

"அது வேற" என்றாள் அம்மா. "அங்க உக்கார வச்சு, ஒரு பாட்டுப் பாடுன்னு சொல்லி, பாடினப்புறம்தான் சுண்டல். சும்மாவா குடுத்தாங்க?"

இங்கேதான் நான் ஜெயித்தேன். ஏனென்றால் நாங்கள் இருப்பது செயின்ட் லூயிஸ். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று மூன்று வார்த்தை சொன்னால் மிட்டாய் வந்து விழும். செயின்ட் லூயிஸில் விழாது. ஒரு ஜோக் சொல்ல வேண்டும். குழந்தை வாசலில் நின்று ட்ரிக் ஆர் ட்ரீட் சொல்லும், வீட்டுக்காரர் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு "சரி, ஜோக் எங்கே?" என்பார். சொன்னால்தான் கிண்ணம் கீழே இறங்கும். நாங்கள் நியூ ஜெர்சியிலிருந்து இங்கே வந்த புதிதில், கதவைத் திறந்ததும் மிட்டாயைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் நகராமல் நின்றார்கள். ஒரு பையன், எட்டு வயது இருக்கும், கொஞ்சம் புண்பட்ட குரலில் "நான் இன்னும் ஜோக் சொல்லலையே" என்றான். கொடுத்த மிட்டாயைத் திருப்பிக்கூடக் கொடுத்துவிடுவான் போலிருந்தது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஐரிஷ்காரர்கள் கொண்டு வந்தது என்பது அதில் ஒன்று. ஆதாரத்தோடு கதை கிடைப்பது வடக்கே, அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் ஊருக்குத்தான். அங்கேயும் ஜோக் உண்டு. 1938 ஹாலோவீனில் பையன்களின் விஷமம் தாங்காமல் போலீசுக்கு நூற்றுக்கணக்கில் போன் போயிருக்கிறது. தெருவிளக்கு உடைப்பது, தீ வைப்பது என்று எல்லாம் நடந்திருக்கிறது. வெறுத்துப்போன ஊர் நிர்வாகம், அக்டோபர் 30ஆம் தேதியைச் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, ஒரு பாட்டோ விடுகதையோ வித்தையோ செய்து காட்டி மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள், விஷமத்தை விடுங்கள் என்று பழக்கியது. அந்த நாளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பெக்கர்ஸ் நைட்'. பிச்சைக்காரர் ராத்திரி! அம்மா கோபத்தில் சொன்னதை ஓர் ஊரே பெயராக வைத்திருக்கிறது. இந்த ஒரு தகவலை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

சரி, ஜோக். இரண்டரை வயதுக் குழந்தைக்கு என்ன ஜோக் சொல்லிக்கொடுப்பது? இங்கே புழங்குகிற ஹாலோவீன் ஜோக்குகள் எல்லாம் சிலேடை. பேய்க்குப் பிடித்த இனிப்பு எது? ஐ ஸ்க்ரீம். எலும்புக்கூடு ஏன் டான்ஸுக்குப் போகவில்லை? கூடப் போக 'நோ பாடி'. யாரும் இல்லை, உடம்பும் இல்லை, இரண்டும் ஒன்றாக. எங்கள் வீட்டுக்காரர் எலும்புக்கூட்டைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார். கேள்வியை நாம் கேட்க வேண்டும், 'நோ பாடி' மட்டும் அவள் சொல்ல வேண்டும். இது தெரிந்ததும் அம்மா சும்மா இருப்பாளா? "நம்ம விடுகதை இல்லாததா?" என்று மதியத் தூக்கத்துக்கு முன்னால் தனி வகுப்பு ஆரம்பித்துவிட்டாள். "அம்மா போடும் வட்டம், பளபளக்கும் வட்டம், சுட்டுத் தின்ன இட்டம், அது என்ன?" "அப்பளம்!" சொன்னால் நிஜமாகவே ஒரு அப்பளம் கிடைக்கும். எலும்புக்கூட்டு வகுப்பில் கைதட்டல் மட்டும்தான். எந்தப் பள்ளிக்கூடம் ஜெயித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேஷத்துக்கு வருகிறேன். கடையில் முப்பது டாலர் கொடுத்து ஒரு தேனீ உடுப்பு வாங்கினோம். மஞ்சளும் கறுப்பும் கோடுகள், குட்டி இறக்கை, தலையில் இரண்டு உணர்கொம்பு. நாலு செகண்ட் போட்டிருந்தாள், கொம்பு ஆடியது, கத்தி ஊரைக் கூட்டிவிட்டாள். அந்த உடுப்பு இன்னும் அலமாரியில் தூங்குகிறது. "வேற என்னடா வேஷம் வேணும்?" என்று கேட்டால் யோசிக்கக்கூட இல்லை. "குப்பை லாரி."

அவளுக்குக் குப்பை லாரி ஒரு தெய்வம். செவ்வாய்க்கிழமை காலையில் வரும். அரை மணி முன்பே சோபா மேல் ஏறி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். லாரியின் பக்கவாட்டிலிருந்து இயந்திரக் கை நீண்டு, தொட்டியைக் கவ்வித் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, மறுபடி வைத்துவிட்டுப் போகும். டிரைவர் இவளைப் பார்த்து ஒரு ஹாரன் அடிப்பார். அன்றைய நாள் அதோடு நிறைவடைந்துவிடும், மற்றதெல்லாம் உபரி.

ஆகவே டயப்பர் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மேலே தலைக்கு ஓட்டை, பக்கத்தில் கைகளுக்கு ஓட்டை, பச்சைப் பெயின்ட், காகிதத் தட்டில் சக்கரம், அலுமினியத் தாளில் விளக்கு. வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர், கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருளை அவர் செய்து நான் பார்த்ததில்லை, இதில் மனிதர் இறங்கி விளையாடிவிட்டார். முன்பக்கம் ஒரு மடிப்புக் கதவு, அதற்குள் சாய்வாக ஒரு அட்டை, மிட்டாயைப் போட்டால் சறுக்கி உள்ளே மாட்டியிருக்கிற துணிப்பையில் விழும். ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பி டெமோ காட்டினார்.

அம்மா வாயில் கைவைத்தாள். "ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா, பட்டுப்பாவாடை தைச்சு எடுத்துட்டு வந்திருக்கேன், பிள்ளையைக் குப்பை வண்டியாக்குறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?" கடைசியில் ஒரு சமரசம். உள்ளே பட்டுப்பாவாடை, மேலே குப்பை லாரி. பெட்டிக்குக் கீழே அரக்குச் சிவப்புப் பாவாடையும் பச்சைக் கரையும் தெரிய, அதற்கும் கீழே அடி வைத்தால் மினுமினுக்கிற ஷூ. தலையில் மல்லிகைப்பூ இல்லை என்று அம்மாவுக்கு அப்போதும் ஒரு குறைதான்.

பூசணிக்காய் விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் கண்ணும் மூக்கும் பல்லும் குடைந்து வைத்திருந்த பூசணியைப் பார்த்ததும் "திருஷ்டிக்கா? நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். புது வீடு கட்டுகிற இடத்தில் முகம் வரைந்து தொங்கவிடுகிற நம் சாம்பல் பூசணியின் சித்தப்பா பையன் என்று முடிவு கட்டிவிட்டாள். அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள், அமெரிக்கா வந்த பிறகு பெரிதாகவும் குடைய லகுவாகவும் கிடைத்தது என்று பூசணிக்கு மாறினார்கள் என நான் படித்ததைச் சொன்னேன். அவள் கேட்ட ஒரே கேள்வி: "எப்போ உடைப்பாங்க?" உடைக்கமாட்டார்கள், அணில் தின்றுவிடும் என்றேன். அம்மாவுக்குத் திருப்தி இல்லை. உடைக்காமல் திருஷ்டி எப்படிக் கழியும்?

இங்கே அக்டோபர் கடைசியில் 6 மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும். இன்னும் மூன்று நாளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அதனால் இது கடைசி வெளிச்சம். நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி என்பதால் பேயைவிடக் காரைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். 1975 முதல் 2016 வரை அமெரிக்க விபத்துக் கணக்குகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஹாலோவீன் சாயங்காலம் தெருவில் நடப்பவர்கள் கார் மோதி இறப்பது, முந்தைய வாரமும் அடுத்த வாரமும் அதே கிழமையில் நடப்பதைவிட 43 சதவீதம் அதிகம் என்று வந்தது. இருட்டு, கறுப்பு உடை, குறுக்கே ஓடும் பிள்ளைகள். எனவே குப்பை லாரியின் முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டினேன். நிஜ லாரியிலும் அது உண்டு என்பதால் ஆட்சேபம் எழவில்லை. வீட்டில் யாராவது இருந்து மிட்டாய் கொடுக்க வேண்டுமே, அம்மா இருக்கிறேன் என்றாள். "முறுக்கும் அதிரசமும் குடுத்தா என்ன, நம்ம வீட்டுப் பண்டிகைதானே?" வேண்டாம்மா, கடைக் காகிதத்தில் சுற்றாத எதையும் இங்கே பெற்றவர்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றதும் முகம் சுண்டிவிட்டது. விடிய விடியப் பிழிந்த முறுக்கு. எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

முதல் வீட்டுப் பெரியவரை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டேனே. அவர் பொறுமையாக, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, "மேடம் குப்பை லாரி, ஜோக் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் ஒத்திகைப்படி எடுத்துக் கொடுத்தார், எலும்புக்கூடு ஏன் டான்ஸுக்குப் போகவில்லை?

மகள் என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பெரியவரின் தொப்பியைப் பார்த்தாள்.

"அப்பளம்!"

பெரியவருக்குப் புரியவில்லை. ஆனால் அவள் சொன்ன உறுதியிலேயே சிரித்துவிட்டார். நான் அப்பளம் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன், உளுந்து மாவு, வெயிலில் காயவைப்பது, எண்ணெயில் போட்டால் உப்புவது. உள்ளேயிருந்து அவர் மனைவி "ஓ, பாப்படம்!" என்று கத்திக்கொண்டே வந்தார், இந்தியன் ரெஸ்டாரன்டில் சாப்பிட்டிருக்கிறாராம். நால்வரும் வாசலில் நின்று அப்பளம் பற்றி ஐந்து நிமிஷம் பேசினோம். இந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டே வீடு. குடிவந்து மூன்று வருஷத்தில் அவர்களோடு காருக்குள்ளிருந்து கையசைத்ததைத் தவிர வேறு எதுவும் நான் செய்ததில்லை. அவர்கள் வீட்டுக்குள் மஞ்சள் நிறச் சுவர் என்பதும், மூலையில் ஒரு பியானோ இருப்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. வாசல் விளக்கு எரிந்தால் போகலாம், அணைந்திருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது, இதுதான் தெருவின் எழுதாத சட்டம். இரண்டாவது வீட்டில் கதவைத் திறந்த பெண் கிண்ணத்தை எடுக்கத் திரும்பிய நேரத்தில் குப்பை லாரி அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது. ஷூவோடு. நான் வாசற்படியில் நின்றபடி "வாடி, வாடி வெளியே" என்று தமிழில் மிரட்டுகிறேன், உள்ளேயிருந்து "நாய்! அம்மா, நாய்!" என்று ஆனந்தக் கூச்சல். போய்ப் பார்த்தால் ஒரு கிழட்டு நாய் தன் படுக்கையில் படுத்தபடி அட்டைப்பெட்டியை மோந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண் சிரித்துச் சிரித்து, முதல் தடவையா, எல்லாக் குழந்தையும் இதைத்தான் செய்யும் என்றார். அவர் பையனும் சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்குள் போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டானாம். இப்போது அந்தப் பையன் காலேஜ் படிக்கிறான்.

ஒரு வீட்டு முன்னால் 12 அடி எலும்புக்கூடு. ஒரு பெரிய கட்டுமானப் பொருள் கடை 2020இல் இதை விற்பனைக்கு விட்டதிலிருந்து தெருவுக்கு ஒன்று முளைத்துவிட்டது. நான் அவள் கண்ணைப் பொத்தலாமா என்று யோசிக்கிறேன். அவள் கழுத்தை முடிந்தவரை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சட்டை எங்க? குளிருமே?" பயம் வந்தது அங்கே இல்லை. அடுத்த வீட்டில், காலிங் பெல்லை அழுத்தியதும் பெல்லுக்குள்ளிருந்தே ஒரு குரல், இதோ வருகிறேன் என்று பேசியது. ஆள் இல்லை, குரல் மட்டும். அவ்வளவுதான், அட்டைப்பெட்டியோடு என் காலைக் கட்டிக்கொண்டாள், பெட்டியின் ஒரு மூலை நசுங்கிவிட்டது, காகிதச் சக்கரம் ஒன்று கழன்று உருண்டு புல்தரையில் விழுந்தது. பேய் என்று அவள் நினைத்தது அந்தக் காலிங் பெல்லைத்தான். யோசித்துப் பார்த்தால் நியாயமாகவே படுகிறது.

ஒரு வீட்டில் பூசணிக்கு மயில்கழுத்து நிறத்தில் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். 2014 வாக்கில் நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு அது, உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குப் பதிலாக வேறு சாமான் இங்கே கிடைக்கும் என்று அடையாளம். இவளுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை, ஆனால் இந்த வயதில் கெட்டி மிட்டாயோ முழுக் கடலையோ தொண்டையில் சிக்கிக்கொண்டால் வம்பு என்பதால் எனக்கு அந்த வீடு கோயில் மாதிரி இருந்தது. சோப்புக் குமிழி ஊதுகிற சின்னப் புட்டி ஒன்று கொடுத்தார்கள். அன்றைய வேட்டையில் அவள் கையை விட்டு இறக்காத ஒரே பொருள் அதுதான். சாக்லேட்டை எல்லாம் அவள் தின்பண்டமாகவே நினைக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது குப்பை. எல்லாரும் லாரியில் குப்பை போடுகிறார்கள், அவ்வளவுதான். போடப் போட, வாயால் "ர்ர்ர்ர்" என்று இயந்திரக் கை சத்தம் வேறு.

இதன் விளைவை நாங்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். ஏழாவதோ எட்டாவதோ வீடு. பை கனத்துவிட்டது. வாசலில் ஓர் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தை, கையில் கிண்ணம். மகள் நின்றாள். "ஃபுல்லாயிடுச்சு" என்றாள். "கொட்டப் போறேன்." நான் பிடிப்பதற்குள் முன்கதவு மடிப்பைத் திறந்து, பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிக் கவிழ்த்து, மொத்தச் சரக்கையும் அந்த வீட்டு மிதியடியில் கொட்டிவிட்டாள். கிட்கேட், ரீசஸ், ஸ்கிட்டில்ஸ், டூட்சி ரோல், எல்லாம் சடசடவென்று விழுந்தன. கொட்டிவிட்டு, செவ்வாய்க்கிழமை டிரைவர் அடிப்பது போலவே ஒரு ஹாரன். "பாம்!"

அந்தப் பெண் கிண்ணத்தைப் பார்த்தாள், மிதியடியைப் பார்த்தாள். "இது எனக்கா?" என்றாள். வீட்டுக்காரர் மண்டி போட்டுப் பொறுக்க ஆரம்பித்தார். பின்னால் ஒரு நிஞ்ஜா, இரண்டு இளவரசிகள், ஒரு வாழைப்பழம் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வாழைப்பழம் மட்டும் நல்ல பிள்ளை, தானும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தது. அந்தப் பெண்ணின் குழந்தைக்கு நாலு மாதமாம், பிறந்ததிலிருந்து தெருவில் இறங்கியே பார்க்கவில்லை, இன்றைக்குத்தான் இத்தனை முகம் பார்க்கிறேன் என்றாள். மகள் ஒரு கிட்கேட்டை எடுத்து அந்தக் குழந்தையின் வயிற்றின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

வீடு திரும்பும்போது மணி ஏழே கால். பெட்டி என் கக்கத்தில், குப்பை லாரி அப்பா தோளில். தூரத்திலேயே தெரிந்தது, எங்கள் வீட்டு முன்னால் கூட்டம். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் பெரிதாக வராது, யாராவது ஏதாவது கேட்டு இவள் விழித்துக்கொண்டிருக்கிறாளா, இல்லை முறுக்குத் தட்டை எடுத்து நீட்டிவிட்டாளா என்று வேகமாக நடந்தேன்.

அம்மா வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, தீபாவளிப் புடவையோடு, மேலே என்னுடைய குளிர் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு அகல்விளக்கு. முன்னால் ஒரு ட்ராகன் நின்று ஜோக் சொல்லிக்கொண்டிருக்கிறது. முடித்ததும் அம்மா தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வர, அப்படி ஒரு சிரிப்பு. இரண்டு கையாலும் அள்ளி ட்ராகனின் பையில் போட்டாள். அடுத்து ஒரு சூனியக்காரி. அதற்கும் அதே சிரிப்பு. ஒரு வார்த்தை புரியவில்லை அவளுக்கு, ஆனால் பிள்ளை வாயை மூடியதும் சிரிக்க வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டுவிட்டாள். மற்ற வீடுகளில் எல்லாம் "ஹாஹா, நல்லா இருக்கு" என்று ஒப்புக்குச் சிரித்து அனுப்புவார்கள், இப்படி ஒரு ரசிகை இந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் வாய்த்ததில்லை. மிட்டாய் வாங்கிய பிறகும் ஒரு பையன் போகாமல் நின்று இரண்டாவது ஜோக் சொன்னான். முன்பு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்பதை நானே பார்த்தேன். மிட்டாய்க்காகத்தான் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மகளைத் தூங்க வைத்துவிட்டு மிட்டாயை மேசையில் கொட்டிப் பிரித்தோம். அந்நியர்கள் மிட்டாயில் விஷம் வைப்பார்கள் என்று இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரு பீதி உண்டு. தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி நடந்ததற்கு உருப்படியான சான்று கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் ஹாலோவீன் மிட்டாயில் இருந்த சயனைடால் இறந்தது நிஜம், வைத்தது அவனுடைய சொந்த அப்பா, காப்பீட்டுப் பணத்துக்காக. இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது ரீசஸ் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். "நல்ல நேரம் பார்த்துச் சொன்னே" என்றார். அவள் தின்னக்கூடியது என்று தேறியது மூன்றே மூன்று. மீதியை யார் தின்றார்கள் என்பது இங்கே முக்கியமில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நசுங்கின பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றாள். இன்றைக்குக் கிடையாது, முடிந்துவிட்டது என்றோம். "நேத்து திறந்தாங்களே?" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், சும்மா நடக்கலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனேன். எல்லா வாசல் விளக்கும் அணைந்திருந்தது. பியானோ வீட்டுப் பெரியவர் மட்டும் பூசணிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அப்பளம்!" என்று கையசைத்தார். உச்சரிப்பு பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கும்பகோணத்துச் சித்தியிடம் போனில் ஒரு மணி நேரம் கதை. "பிச்சையெல்லாம் இல்லடி, கொலு மாதிரிதான். பிள்ளைங்க வந்து என்னமோ சொல்லுதுங்க, நாம சிரிக்கணும். சிரிச்சாத்தான் அதுங்களுக்குத் திருப்தி. ஆமாடி, என் பேத்தி பட்டுப்பாவாடைதான் கட்டிக்கிட்டா." குப்பை லாரி பற்றிப் பேச்சே இல்லை. போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள், என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, அந்த 'நோ பாடி'ன்னா என்ன? முக்காவாசிப் பிள்ளைங்க அதையேதான் சொல்லுச்சுங்க."

அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு உட்கார்ந்து விளக்கினேன். எலும்புக்கூட்டுக்கு உடம்பு கிடையாது, உடம்புக்கு இங்கிலீஷில் பாடி, கூடப் போக யாருமில்லை என்பதற்கும் நோ பாடி, ரெண்டும் ஒரே சத்தம்மா, அதான் ஜோக்கு.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா நான் அவ்ளோ சிரிச்சேன்?" தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு கல்லைப் பார்க்கப் போய்விட்டாள்.